ஏற்றாத கரும்பு

வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போனால் விடியும் முன்பே வயலில் இறங்கிவிட வேண்டும். பனியில் நனைந்த கரும்புச் சோகை இலை முழங்கையைக் கீறும். வெயில் ஏறி வியர்வை பட்டதும் கீறல்கள் எரியும். என் கணவர் பிச்சைமுத்து அறுபது வயதில் அந்த வேலைக்குத் திரும்பியது மகனுக்காக.

மனைவியின் பிரசவச் செலவுக்கு மகன் அஜித், வெட்டுக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி சிவசங்கரிடம் எண்பதாயிரம் முன்பணம் வாங்கியிருந்தான். வெட்டுக்கு ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் கட்ட வேண்டும். மருமகள் கைக்குழந்தைக்காரி. அதனால் இவர் மகனுக்கு ஜோடியாக முன்பணச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். சீட்டைப் படித்தவள் நான்தான். ஜோடியில் ஒருவர் நின்றுபோனால் கடன் இரட்டித்து மற்றவர் மேல் ஏறும் என்று கடைசி வரியில் இருந்தது. நின்றுபோவதென்றால் வேலையை விட்டு ஓடிப்போவது என்று நினைத்தேன். போடுங்க என்றேன்.

மாசியில் ஒரு காலை, அவர் தலையில் கரும்புக் கட்டோடு லாரிப் பலகையில் ஏறும்போது பலகை சரிந்தது. கட்டு அவர் கழுத்தின் மேலேயே விழுந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அஜித்தோடு நானும் வயலுக்குப் போனேன். சிவசங்கர் வண்டியில் உட்கார்ந்தபடியே சீட்டை நீட்டினான்.

"அவரு எடத்துல ஜோடியா நீ ஒரு கையெழுத்து போட்டுடும்மா. இல்லன்னா உம் புள்ள தலையில ரெட்டிச்சிடும்."

"பலக ஆடுதுன்னு மூணு நாளா சொல்லிக்கினு இருந்தாரே எங்கப்பா" என்றான் அஜித்.

"கெழவன் கால் வழுக்குனா நான் இன்னாடா பண்றது?"

"நீ ஏறிக் காட்டேன் மேஸ்திரி" என்றாள் லாரிக்குக் கரும்பு சுமந்துவந்த ஜெயம்மாள், தலையில் கட்டோடு. "வண்டிய வுட்டு எறங்கவே உனக்கு இடுப்பு புடிச்சிக்கிது."

நான் கையெழுத்துப் போடவில்லை. கடைசி வரியை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.

"எங்க சீட்டுலயும் இந்த வரி கீதா பெரிம்மா?" என்றான் லாரிமேல் நின்ற பழனி.

"எல்லாம் ஒரே அச்சுதான்" என்றேன்.

ஜெயம்மாள் தலையிலிருந்த கட்டை வரப்பில் இறக்கினாள். லாரிமேல் நின்றவர்களும் இறங்கினார்கள்.

"செத்தவருக்கு நஷ்டஈடு குடு, அந்த வரிய அடிச்சிக் குடு. அப்புறம் ஏத்துறோம்" என்றாள் ஜெயம்மாள்.

"வெட்டுன கரும்பு காஞ்சா எடை போயிடும். ஆலைக்கு எவன் பதில் சொல்றது?" என்றான் சிவசங்கர்.

"வாங்குனத நான் அடைப்பேன்" என்றான் அஜித். "எங்கப்பா செத்ததுக்கு ஒரு ரூபா ஜாஸ்தி தரமாட்டேன்."

மூன்று நாள் லாரி நகராமல் நின்றது. வீட்டில் அரிசி தீர்ந்தது. நான்காம் நாள் காலை, பக்கத்து வயலில் வெட்டிக்கொண்டிருந்த கரியாலூர் மலை ஆட்கள் கத்திகளை இடுப்பில் செருகியபடி வந்தார்கள். சோற்றுத் தூக்கை எங்கள் முன் வைத்துவிட்டு, மடியிலிருந்து தங்கள் சீட்டுகளை எடுத்தார்கள்.

"இதையும் படிச்சிச் சொல்லும்மா."

மகனின் கடன் அப்படியேதான் இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் சீட்டைப் பிரித்தேன்.