சிறுத்தை வந்தால் யார் என்ன செய்வார்

கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்த நாகலெட்சுமி, பிள்ளைகள் தூங்கும் நேரமெல்லாம் எழுதி, நான்கு கொப்பியில் ஒரு நாவலை முடித்துவிட்டாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் சிறுத்தை புகுந்துவிடுகிறது. அப்போது யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை. போட்டோகொப்பி எடுக்க டவுனில் மீராசாஹிபின் பலசரக்குக் கடையில் கொடுத்தாள். அவர் எடுக்கவில்லை, வாசித்துவிட்டார். போதாததற்குத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கத்துக்கும் வாசித்துக் காட்டிவிட்டார்.

சனிக்கிழமை அவள் கொப்பிகளை வாங்கப் போனபோது இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் தங்கச்சி, சிறுத்தை வந்தா நான் மாப் பீப்பாவுக்குள்ளயா பூருவேன்?" என்றார் மீராசாஹிப்.

"அது நீங்க இல்லைங்க மொதலாளி. கதையில வர்ற ஒரு கடைக்காரரு."

"அந்த ஆளுக்கும் என்னய மாதிரியே ரெண்டு பல்லு கட்டுப் பல்லு."

"என்னயக் கோயில் கூரையில ஏத்தி, அங்கயும் கூட்டம் போட வச்சிருக்கு," என்றார் தலைவர். "ஆயா மட்டும் அகப்பையாலயே சிறுத்தைய வெரட்டுதாம்."

நாகலெட்சுமிக்குக் காது சூடேறியது. பதில் சொல்ல வாயெடுத்தபோது, வாசலை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஏதோ உள்ளே வந்தது. நாலு கால் இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் லீக்ஸ் மரக்கறி கட்டும் சாக்கு இருந்தது. சாக்குக்குள்ளிருந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு வந்தது.

மீராசாஹிப் ஓடவில்லை. முப்பது வருஷப் பழக்கம், "வாங்க, என்ன வேணும்?" என்றார். தலைவர் எழுந்து கைகட்டி, தோட்டத் துரையிடம் பேசுவதுபோல், "மஹத்தயா, பொட்டக் இன்ன," ஐயா, கொஞ்சம் பொறுங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினார். நாகலெட்சுமி மேசைக்கடியில் கிடந்தாள். எப்போது போனாள் என்று அவளுக்கே தெரியாது. மேசையிலிருந்து கையோடு வந்திருந்த நாலாவது கொப்பியை வெளியே நீட்டி, "இந்தா, எடுத்துக்க, போயிரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் மிளகாய் அரைத்துக்கொண்டு மில்லிலிருந்து திரும்பிய மீராசாஹிபின் மனைவி ரஸீனா, தூள் பையை ஓரமாக வைத்துவிட்டுச் சாக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே மரக்கறி விற்கும் வேலாயியின் காளை; மிச்ச லீக்ஸைத் தின்னத் தலையை விட்டுச் சிக்கியிருந்தது. வெளிச்சம் கண்ட சந்தோஷத்தில், நாகலெட்சுமி நீட்டிய கொப்பியை அது வாங்கி மெல்லத் தொடங்கியது.

காளையை ஓட்டிவிட்டு வந்து, "அந்தக் கதையில நான் எங்க வாறேன்?" என்று கேட்டாள் ரஸீனா.

நாகலெட்சுமி யோசித்துப் பார்த்தாள். நாற்பத்தேழு பேர் வந்தார்கள். ரஸீனா வரவில்லை.

வீட்டுக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்து, பயமென்றால் என்னவென்றே அறியாத ஒரு பெண்ணை எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். ரஸீனா நிதானமாக வாசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இவ்வளவு தைரியமெல்லாம் இல்ல. நீங்க எல்லாரும் முன்னால இருந்து பாத்தீங்க. நான் பின்னால வந்தேன். மாட்டு வாலு தெரிஞ்சிச்சு."