இருபத்திரண்டாவது டின்

காஜா பெராங் தெரு அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் முடிந்து தெருவே நாற்பத்தெட்டு நாள் விரதம் பிடித்திருந்தபோது, சுகாதார இலாகாவில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்த கோகிலா ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டாள். பொய் சொல்வதில் பக்தர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த மறு வருடம் அது. விரதத்தின் முப்பதாம் நாள் வாக்கில் தெருவில் பதினாலு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். ரத்தத்தைச் சோதித்ததில் டைபாய்டு என்று தெரிந்தது. சுகாதார அதிகாரி டாக்டர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரர் காலி செய்துவிட்டுப் போன நாற்காலியில் அவர் உட்கார்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. விரதம் பிடித்த அறுபத்தொரு பேரும் கடந்த மூன்று வாரத்தில் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வரும்படி கோகிலாவை அனுப்பினார்.

கோகிலா சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அறுபத்தொரு தாளையும் நிரப்பினாள். அத்தனையும் ஒரே ஆள் சொல்லி எழுதியவை மாதிரி இருந்தன. காலையில் கோப்பி, மதியம் கோயில் சாப்பாடு, ராத்திரி வாழைப்பழம். இப்படிச் சாப்பிட்டால் தெரு முழுக்க ஒரு சுற்று இளைத்திருக்க வேண்டும். யாரும் இளைத்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் பொதுவா இருக்கிறது கோயில் சமையல்தான் பிள்ளை. சனிக்கிழமை பத்து மணிக்குள்ள வேற காரணம் கிடைக்காட்டி மடப்பள்ளியைப் பூட்டச் சொல்லப்போறன்."

"காய்ச்சல் வராதவங்களும் அதையேதான் சாப்பிட்டிருக்காங்க, டாக்டர்."

"அதுதான் எனக்கும் இடிக்குது. இன்னொருக்கா போய்ப் பாரும்."

கோகிலாவுக்கு இதில் தன் தலையெழுத்தும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. ஒரு நோய் எங்கே கிளம்பி, யார் வீட்டு வழியாக யாரிடம் போய்ச் சேருகிறது என்று துரத்திப் பிடிக்கிற வேலை. அந்த வேலைக்காகவே தான் பிறந்திருப்பதாக அவள் நினைத்தாள். அப்படி நினைக்கிற வயதுதான். ஆனால் அப்பா சரி என்று சொல்லாமல் கல்யாணமாகாத பெண் கோலாலம்பூர் பஸ்ஸில் ஏற முடியாது. அப்பா பொன்னுதுரை, பொதுப்பணி இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா; அதைவிடப் பெரிய பதவி, கோயில் செயலாளர். கடிதத்தைப் படித்து, மடித்து, ரேடியோவுக்கு அடியில் வைத்து, "பார்க்கலாம்" என்று சொல்லிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. மடப்பள்ளி விஷயம் காதில் விழுந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"அம்மன் சமையலப் பூட்டுற ஆபீசுல நீ இருக்க. பூட்டிட்டா கோலாலம்பூர்ப் பக்கம் தலை வெச்சும் படுக்காதே."

மறுநாள் கோகிலா முதலில் வடிவாம்பாள் வீட்டுக்குப் போனாள். வடிவாம்பாளின் வீட்டுக்காரர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த அம்மாளோ கோயில் சாப்பாட்டைத் தவிர அவர் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சாதித்தாள். கோகிலா தாளை மடித்து எழுந்தாள். அப்போதுதான் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"எங்களையே சுத்திச் சுத்தி வர்றியே, எதிர்வீட்டு சீதாவைக் கேட்டியா? கெராங் தின்னுட்டு ஓட்டையெல்லாம் எங்க லோங்காங்ல கொட்டுறா. விரதமாம், விரதம்."

லோங்காங் என்பது வாசல் சாக்கடை; கெராங் என்பது கடற்கரைச் சேற்றில் கிடைக்கிற சிப்பி. சாயங்காலம் ஒருவர் சைக்கிளில் கொண்டுவந்து, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, மிளகாய்ச் சாந்தோடு தருவார். அரை வேக்காட்டில்தான் அதற்கு ருசி. கோகிலா நேரே தெருவைக் கடந்து சீதாவிடம் போனாள். சீதா தன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. வடிவாம்பாள் வீட்டுக்காரர் எந்தெந்தச் சாயங்காலம், எத்தனை தட்டு, எந்த மரத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார் என்று மட்டும் மணியாகச் சொன்னாள்.

கோகிலா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னைப் பற்றிக் கேட்டால் வாயைத் தைத்துக்கொள்கிற இந்தத் தெரு, அடுத்த வீட்டைப் பற்றிக் கேட்டால் ஆற்றுவெள்ளமாகக் கொட்டுகிறது. புதுத்தாள் எடுத்து ஒரே ஒரு கேள்வியை எழுதினாள்: உங்கள் அக்கம்பக்கத்தில் யார் கெராங் சாப்பிட்டார்கள்?

வம்பை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அதற்கு அவளே ஒரு விதி போட்டாள். ஒருவர் சாப்பிட்டார் என்று எழுத இரண்டு சாட்சி வேண்டும். அந்த இரண்டு சாட்சிகளும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். சேர்ந்து பேசி வைத்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா? காஜா பெராங்கில் அப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டே நாளில் கணக்கு வடிவுக்கு வந்தது. காய்ச்சல்காரர்கள் பதினாலு பேரில் பதின்மூன்று பேர்மேல் சாட்சி விழுந்துவிட்டது. பாக்கி ஒருவர் சேதுபதி. தெருக்கோடியில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற தபால்காரர். அவரைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. கோகிலா ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டாள்.

"என்னையப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலியா மிஸ்ஸி?" என்றார் அவர்.

"இல்லீங்க ஐயா."

"ரோட்டுமேல நின்னு மூணு தட்டு சாப்பிட்டேன். ஒருத்தர்கூடப் பாக்கலியா?" அவர் முகம் வாடிவிட்டது. கோகிலா கொஞ்ச நேரம் கட்டிலருகே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

கடைசியாக ஒரு சங்கடம் மிஞ்சியது. வடிவாம்பாள் தன் பட்டியலின் முடிவில் தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதே, உங்கப்பாவையும் ஒரு நாள் பார்த்தேன்" என்று சொல்லியிருந்தாள். ஒரு சாட்சிதான். விதிப்படி அது செல்லாது. தான் போட்ட விதியின்மேல் கோகிலாவுக்கு அளவில்லாத மரியாதை வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மற்ற எல்லோருக்கும் இரண்டாவது சாட்சியைத் தேடிப் போனவள் அப்பாவுக்கு மட்டும் போகாமலிருந்தால் அது கணக்கில் சேர்த்தி இல்லை. சீதா இல்லையென்று சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள்.

"உங்கப்பாவா?" என்றாள் சீதா. "கோயில் கணக்கு நோட்ட கக்கத்துல வெச்சுக்கிட்டே ரெண்டு தட்டு. பாவம், வயித்துக்குத் தெரியுமா செயலாளருன்னு?"

கோகிலா அப்பாவுக்கும் இரண்டாவது சாட்சியைக் குறித்துக்கொண்டாள்.

அட்டவணையைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெராங் சாப்பிட்டவர்கள் முப்பத்தாறு, அதில் காய்ச்சல் பதினாலு. சாப்பிடாதவர்கள் இருபத்தைந்து, காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை. அன்றைக்கே இன்ஸ்பெக்டரை அனுப்பினார். சைக்கிள்காரர் கெராங் மூட்டையை இரவெல்லாம் லோங்காங் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருந்தது கையும் களவுமாக அகப்பட்டது.

"கெட்டிக்காரி. ஆனா இது இன்னும் பக்கத்து வீட்டுக் கதைதான்," என்றார் டாக்டர். "சாப்பிட்டும் காய்ச்சல் வராத இருபத்திரண்டு பேர் இருக்கினம். கிருமியை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு திரியினமோ தெரியாது. பேர் எழுதாம நம்பர் போட்டு ஆளுக்கொரு டின் குடும். சனிக்கிழமை காலமை மலத்தைப் பிடிச்சுத் தாங்களே கொண்டுவரட்டும். டின்னோட வந்தா அது ஒப்புதல். அப்ப நான் மடப்பள்ளியைத் தொடமாட்டன். வராதவையின்ர நம்பருக்கு நேரே மறுத்தார் எண்டு எழுதும். ஒண்டு ரெண்டு குறைஞ்சா நான் பொறுப்பன். ஆனா மறைச்சா பொறுக்கமாட்டன்."

இருபத்தொரு டின்னைக் காதும் காதும் வைத்தாற்போல் கொடுத்து முடித்து, கோகிலா கடைசி டின்னோடு வீட்டுக்கு வந்தாள். பொன்னுதுரை பசியாறிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் டின்னை வைத்தாள். மூடியில் இருபத்திரண்டு என்று ஒட்டியிருந்தது.

அவர் டின்னைப் பார்த்தார். பிறகு அதே பக்கத்தை வெகுநேரம் படித்தார்.

"யாரு சொன்னா?"

"அது சொல்லக்கூடாதுப்பா. தாள்ல பேரே இருக்காது. நம்பர்தான்."

"இருபத்திரண்டு யாருன்னு தெருவுக்குத் தெரியாதா? தெருதானே உன்கிட்டச் சொல்லிச்சு."

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நான் செயலாளர். இந்த டின்னைத் தூக்கிக்கிட்டு அங்க வந்து நிக்கணுமா? கோலாலம்பூர் விஷயத்துல நான் இன்னும் ஒரு முடிவும் சொல்லல. ஞாபகம் வெச்சுக்க."

"ஞாபகம் இருக்குப்பா," என்றாள் கோகிலா. டின்னை எடுக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள்.

சனிக்கிழமை காலையில் சுகாதார அலுவலக வராந்தா பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. விரதக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் டின்னைப் பேப்பரில் சுற்றியிருந்தார், ஒருவர் சாப்பாட்டுக் கேரியரில் வைத்திருந்தார். சீதா பூக்கூடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். எல்லோரும் எதிரே நின்ற தென்னை மரத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவர்கள்போல் அண்ணாந்து பார்த்தார்கள். வந்த காரியத்தைத் தவிர மழை, மீன் விலை, பத்து பெரெண்டாம் விமான நிலையம் எல்லாம் பேசினார்கள்.

பத்து மணிக்கு மேசையில் இருபத்தொரு டின் இருந்தன. டாக்டர் வெளியே வந்து எண்ணினார்.

"ஒண்டு குறையுது."

"ஆமா, டாக்டர்."

இரண்டாவது சாட்சி செல்லாது என்று சொல்லி அட்டவணையில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். அப்பா நல்லவராகவே இருப்பார், கோலாலம்பூரும் கிடைக்கும். டாக்டருக்கு இருபத்திரண்டு யாரென்று தெரியாது. கோகிலா பேனாவைத் திறந்து, இருபத்திரண்டுக்கு நேரே 'மறுத்தார்' என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

எழுதி மை காய்வதற்குள் வராந்தாவில் பேச்சு நின்றது. பொன்னுதுரை வந்துகொண்டிருந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் டின். அதை அவர் எதிலும் சுற்றியிருக்கவில்லை. வரிசையாக நின்ற தன் பக்தகோடிகளை ஒருமுறை பார்த்தார். அவர்கள் அவசரமாகத் தென்னை மரத்துக்குத் திரும்பினார்கள்.

"இருபத்திரண்டு," என்று டின்னை மேசைமேல் வைத்தார். "பேரு பொன்னுதுரை. ரெண்டு தட்டு. அதையும் எழுதிக்க."

கோகிலா எழுதத் தாளை இழுத்தபோது அவர் கண் அந்தக் கோணல் எழுத்தின்மேல் விழுந்தது. குனிந்து படித்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்ப்பா."

"நான் வராமலே இருந்திருந்தா?"

"இப்படியேதான் அனுப்பியிருப்பேன்."

"கோலாலம்பூர் போக முடியாதுன்னு தெரிஞ்சும்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

 பொன்னுதுரை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நீ போய்ட்டு வா," என்றார். "டிக்கட் நான் எடுத்துத் தாரேன்."