குளத்தடியில் துண்டு கேட்டவன்

அன்று காலையிலிருந்தே அகஸ்ரினுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. நிற்காதா பின்னே? காவலுக்கு நிற்பவன் ஒருவன், வந்து இறங்குகிற சனமோ பலெர்மோவில் பாதி. ஓகஸ்ட் பதினாலு. விடிந்தால் மாதாவின் விண்ணேற்புத் திருநாள், இத்தாலிக்காரருக்கு ஃபெரகோஸ்தோ. அந்த நாளில் வீட்டில் இருப்பவனை இந்த ஊரில் நோயாளி என்றுதான் நினைப்பார்கள். கடலுக்குப் போகாதவன் மலைக்குப் போவான். மலைக்குப் போகிறவன் நேரே இந்தக் குளத்துக்கு வருவான்.

குளம் என்பது நம்மவர்கள் வைத்த பேர். பகேரியாவையும் தாண்டி, மலைகளுக்கு நடுவே அணை கட்டித் தேக்கிய பெரிய ஏரி அது. சுற்றிவர ஓக் மரக்காடு. மறுகரையில் கூடாரம் அடித்துத் தங்க ஆறு இடங்கள் உண்டு. அங்கே போக ரோட்டுமில்லை, ஒற்றையடிப் பாதையுமில்லை. இரண்டு முனையும் கூரான சின்ன வள்ளத்தில், கனோவா என்பார்கள், துடுப்புப் போட்டுத்தான் போகவேண்டும். ஒருகாலத்தில் கல்லூரிப் பொடியள் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த இடம். பேப்பர்காரன் ஒருவன் சொர்க்கம் என்று எழுதிவைத்தான், அவ்வளவுதான், சொர்க்கம் சந்தையாகிவிட்டது. போன கோடையில் வந்த சனம் பச்சை மரத்தை வெட்டி இறைச்சி சுட்டது. நாணலுக்குள் கூடு கட்டியிருந்த முக்குளிப்பான்கள் முட்டையைக் கைவிட்டுப் பறந்துபோயின. தண்ணீரில் என்னவெல்லாம் மிதந்தது என்று சொல்லப்போனால் கேட்கிறவருக்குச் சாப்பாடு இறங்காது.

அதனால்தான் இந்த வருஷம் ஒரு சட்டம் வந்தது. ஓரிடத்துக்கு ஆறு பேர், அதற்கு மேல் ஒரு குஞ்சுகூட இல்லை. முன்கூட்டியே ரெலிபோன் எடுத்துப் பதிந்து, அனுமதித் துண்டு வாங்கி வரவேண்டும். துண்டு இருந்தால் வள்ளம் உண்டு, இல்லாவிட்டால் வந்த வழியே போகவேண்டியதுதான். அந்தத் துண்டைப் பார்த்து வள்ளத்தின் சங்கிலியைத் திறந்துவிடுகிற வேலை அகஸ்ரினுக்கு.

சட்டம் அவனுக்குப் பிடித்திருந்தது. சும்மா பிடிக்கவில்லை, மனசாரப் பிடித்திருந்தது. அவன் பேசாலைக் கடலில் வளர்ந்தவன். தண்ணீரை அசிங்கப்படுத்துகிறவனைக் கண்டால் அவனுக்குக் கை துறுதுறுக்கும். பலெர்மோவுக்கு வந்து மூன்று வருஷமாக ஐந்தாம் மாடியில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தான். இந்த வசந்தத்தில் குளத்தைப் பார்க்க வந்தபோது, கவிழப்போன ஒரு கனோவாவைத் தண்ணீருக்குள் பாய்ந்து நிமிர்த்தினான். அதை டிறெட்டோரே, அதாவது காட்டுக்கும் குளத்துக்கும் பொறுப்பான அதிகாரி, பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூப்பிட்டு வேலை கொடுத்தார். இந்த நாட்டுக்கு வந்து முதல் தடவையாக ஒருவன் என் கைத்திறனைப் பார்த்தான் என்று அகஸ்ரின் அன்று எத்தனை பேருக்குச் சொல்லித் திரிந்தான்!

வேலையோடு ஒப்பந்தமும் கிடைத்தது, முத்திரை குத்திய, நேர்மையான ஒப்பந்தம். அது ஒக்ரோபர்வரை முறியாமல் இருந்தால் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, புதுப்பிக்கலாம். பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தால் மனைவி செலஸ்ரீனாவையும் மகளையும் கூப்பிடலாம். அவர்கள் இரண்டு பேரும் சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஆயிரமாயிரம் சனத்தோடு ஊரில் மடுமாதா கோயில் காட்டுக்குள் ஒரு தறப்பாளுக்குக் கீழே கிடந்தார்கள். பாம்பும் மலேரியாவும் பக்கத்துவீட்டுக்காரர். இஞ்சை பார், வீடு வாசல் உள்ளவர்கள் கூடாரத்துக்குள் படுக்க அடிபடுகிறார்கள் என்று அவன் சில நாள் காறித் துப்புவான். ஆனாலும் வேலையில் ஒரு குறை வைத்ததில்லை. இந்த ஒப்பந்தத்தில்தான் செலஸ்ரீனாவின் உயிர் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஆறு இடமும் காலையிலேயே நிறைந்துவிட்டன. மத்தியானம் திரும்பியபின் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்திலிருந்து வருகிற பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு பெரிய அலுமினியப் பானை. பானைக்குப் பின்னால் றோசமலர், செலஸ்ரீனாவின் மூத்த சகோதரி. அவளுக்குப் பின்னால் கோயில் மூப்பர் கிறிகோரி. பிறகு குஞ்சு குருமான், பாய், தேங்காய், ஒரு கட்டு விறகு, ரோஜாப்பூ மாலை போட்ட மாதா படம். பஸ்ஸில் வேறு ஆட்கள் இருந்ததாகவே தெரியவில்லை.

"ஐயோ கடவுளே," என்றான் அகஸ்ரின்.

"என்ன ஐயோ? மாதாவின்ரை நாளுக்கு வந்திருக்கிறம்," என்றாள் றோசமலர். "மடுவிலை எண்டால் காட்டுக்குள்ளை கூடாரம் அடிச்சு, சமைச்சுச் சாப்பிட்டு, திருநாள் முடியத்தானே வீட்டை போவம். இஞ்சையும் காடு இருக்கு, தண்ணி இருக்கு. வள்ளத்தை அவிழ்த்து விடு."

"மச்சாள், துண்டு எங்கை?"

"என்ன துண்டு?"

"ரெலிபோன் எடுத்துப் பதிஞ்ச துண்டு. ஆறு பேருக்கு ஒரு துண்டு. போன மாசம் கோயில் வாசலிலை நிண்டு எல்லாருக்கும் சொன்னனானல்லோ!"

றோசமலர் கிறிகோரியைப் பார்த்தாள். கிறிகோரி பானையைப் பார்த்தார். "நீ சொன்னனிதான் தம்பி," என்றார் அவர் மெல்ல. "ஆனால் வாசலிலை எங்கட பொடியன் நிக்கேக்கை, பிறகென்னத்துக்குத் துண்டு எண்டு விட்டிட்டம்."

அகஸ்ரினுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கட பொடியனாம்! உலகத்தில் எந்த வாசலுக்குப் போனாலும் இந்தச் சனம் முதலில் தேடுவது எங்கட ஆளைத்தான். ஆஸ்பத்திரியில் எங்கட ஆள், விசா கொடுக்கிற பொலிஸ் கந்தோர் குவெஸ்தூராவில் எங்கட ஆள். மோட்ச வாசலிலும் காவல் நிற்கிற இராயப்பருக்குப் பக்கத்தில் எங்கட பொடியன் எவனாவது நிற்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரிசையில் நிற்பார்கள்.

"இடமில்லை," என்றான். "அங்கை எல்லாம் நிறைஞ்சு போச்சு. போன வருஷம் நெரிசலிலை குளமே நாறினது. அதுக்குத்தான் இந்தச் சட்டம்."

"நெரிசலோ?" றோசமலரின் குரல் ஏறியது. "என்ரை சகோதரி அங்கை மரத்துக்குக் கீழை நெரிஞ்சுகொண்டு கிடக்கிறாள். நெரிசல் எண்டால் என்னெண்டு எனக்கு நீ சொல்லித் தாறியோ? அங்கை எத்தினை ஆயிரம் சனம் வந்தாலும் பாயைச் சுருட்டி இடம் விடுறாங்கள். ஆரும் ஆரையும் திருப்பி அனுப்பேல்லை. மாதாவுக்கும் துண்டு வேணுமோ?"

"மச்சாள், நான் உங்களை விட்டால் என்னை நிப்பாட்டிப்போடுவாங்கள். வேலை போனால் செலஸ்ரீனா வந்து சேரமாட்டாள்."

"அவள் வந்து சேரத்தானே இந்த நேர்த்தி! தண்ணிக்கரையிலை, மரத்துக்குக் கீழை, இத்தினை பேருக்குப் புக்கை பொங்கிக் குடுக்கிறன் எண்டு நேர்ந்தனான். உன்ரை பெண்சாதிக்காக நேர்ந்தனான். நீ என்னைத் துரத்திறாய்!"

ஒரே ஒருத்தியைக் கூப்பிட இரண்டு பேரும் இரண்டு பக்கத்தால் இழுத்துக்கொண்டு நின்றார்கள். இருந்தாலும் சாவியை அகஸ்ரினின் விரல்கள் விடவில்லை. சரி, கார்கள் நிறுத்துகிற இடத்திலாவது பொங்குவோமென்று கிறிகோரி கேட்டார். கோடையில் அங்கே நெருப்பு மூட்டக்கூடாது என்று அதற்கும் அவனே தடை சொல்லவேண்டியிருந்தது. பின்னேர பஸ் வருமட்டும் நிழலில் இருங்கள் என்றான். றோசமலர் பாயை உதறிப் போட்ட சத்தம் மறுகரைக்கே கேட்டிருக்கும். சின்னப் பிள்ளைகளும் அவனை முறைத்துப் பார்த்தார்கள். தன் சனத்தின் வாயில் விழுந்து எழும்பினாலும் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முகம் கழுவப் போனான்.

பஸ்ஸுக்கு முன்னால் கார்கள் வந்தன. முதல் காரில் டிறெட்டோரே. பின்னால் வந்த கார்களிலிருந்து இறங்கியது பலெர்மோவில் பேர்போன ஒரு வக்கீலும் அவர் குடும்பமும் அந்தக் குடும்பத்தின் குடும்பமும். ஐஸ்பெட்டிகள், மடக்கு மேசை, ஆளுயர ரேடியோ, பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி வத்தகப்பழங்கள், ஒரு நாய். குட்டிக் குட்டிக் கனோவாக்களில் இத்தனையையும் ஏற்றினால் ஏரியே நிரம்பி வழியும் போலிருந்தது.

"அகொஸ்தினோ, வள்ளங்களை அவிழ்," என்றார் டிறெட்டோரே.

"துண்டு, டிறெட்டோரே?" அவன் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான்.

டிறெட்டோரே அவன் சொன்னது பகிடி என்று நினைத்துச் சிரித்தார். வக்கீலும் சிரித்தார். அகஸ்ரின் சிரிக்கவில்லை. "இடமெல்லாம் நிறைந்துவிட்டது. நாணலில் இந்த வருஷம் முக்குளிப்பான் திரும்பக் கூடு வைத்திருக்கிறது. இத்தனை பேர் போனால்..."

"இவர்கள் நம்முடைய ஆட்கள்," என்றார் டிறெட்டோரே.

மரநிழலில் பாயும் பானையுமாக உட்கார்ந்திருந்த கூட்டம் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. ஒருகணம் முகம் சுருங்கியது. பிறகு விஷயம் விளங்கி மலர்ந்துபோனார். "திருப்பிவிட்டாயா? எல்லாரையுமா? பிராவோ!" அகஸ்ரினின் தோளில் தட்டி வக்கீலிடம் திரும்பினார். "நான் சொன்னேனே, இவன்தான். போன வருஷம் இவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்த அன்றே நினைத்தேன், அந்த மொழி தெரிந்த ஒருவனை வாசலில் நிறுத்தினால் நமக்குத் தலையிடி இல்லையென்று. நாம் சொன்னால் நாலு பேர் நாலு கதை கட்டுவார்கள். அவர்கள் ஆளே சொன்னால் யார் என்ன சொல்ல முடியும்?"

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அதுதான் பெரிய கொடுமை.

அகஸ்ரினின் காது இரண்டும் கொதித்தன. அப்படியானால் கவிழப்போன வள்ளம்? தண்ணீருக்குள் பாய்ந்த பாய்ச்சல்? கைத்திறன்? ஒன்றுமில்லை. போன வருஷம் வந்த தமிழ்ச்சனம் ஒரேயொரு பஸ். போகும்போது தென்னை ஈர்க்கு விளக்குமாறு இல்லையென்று ஓக் கிளையை ஒடிக்காமல், வெறுங்கையால் குப்பை பொறுக்கிவிட்டுப் போன சனம். மரத்தை வெட்டியவன் யார், குளத்தை நாறடித்தவன் யார் என்று இந்த மனிதருக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். சட்டத்தை நேசித்தவன் இந்தக் குளத்தடியில் அகஸ்ரின் ஒருத்தன்தான், மடையன்!

"துண்டு இல்லாமல் வள்ளம் இல்லை," என்றான். வார்த்தை தெளிவாக வந்தது. "எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

டிறெட்டோரேயின் சிரிப்பு நின்றது. "உன் ஒப்பந்தத்தை எழுதியவன் நான்," என்றார் சத்தம் போடாமல். "கிழிக்கவும் எனக்குத் தெரியும். நாளைக்கே உன்னைப்போல இன்னொருவன் வருவான்."

அகஸ்ரின் சாவியைக் குளத்துக்குள் எறியக் கையை ஓங்கினான். உண்மையாகவே ஓங்கினான். அந்தக் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். பார்த்தால் றோசமலர். பத்து வருஷம் இத்தாலிச் சிஞோராக்களின் குசினியில் நின்றவளுக்கு எல்லாமே விளங்கியிருந்தது.

"திற," என்றாள் தமிழில்.

"மச்சாள், இவன் என்ன சொன்னவன் எண்டு கேட்டனீங்களோ?"

"ஓம், கேட்டனான். நான் என்ன செவிடியோ? திற எண்டு சொல்லுறன். உன்ரை ரோசத்துக்கு அவள் ஏன் தறப்பாளுக்குக் கீழை சாகவேணும்? ரோசத்தை மடிச்சு வை. அவள் வந்து இறங்கினாப்பிறகு எடுத்து உடுத்தலாம்."

அவன் நகரவில்லை. அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சாவியை எடுத்தாள். தானே குனிந்து பூட்டைத் திறந்தாள். சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி முதல் கனோவாவைப் பிடித்துக் கொடுத்தாள். அதற்குமேல் அகஸ்ரின் எப்படிக் கரையில் நிற்பான்? அவனும் இறங்கினான். இரண்டு பேருமாக வள்ளங்களைத் தள்ளினார்கள்.

தள்ளத் தள்ள றோசமலர் கதைத்தாள். கோயிலில் நற்கருணை எடுத்துக்கொண்டு திரும்புகிறவளின் முகம், அவ்வளவு சாந்தம். "போ ராசா, போ. உன்ரை ஐஸ்பெட்டி அடியோடை தாழ. நுளம்பு உன்னைத் தூக்கிக்கொண்டு போக. போ மோனை, நீ வெட்டுற மரம் உன்ரை தலையிலையே விழ. இந்தா அம்மா, நீயும் ஏறு. உனக்கு விடியுமட்டும் வயித்தாலை போக."

வக்கீலின் மனைவி உருகிப்போனாள். "எவ்வளவு அன்பான பெண்! எங்களுக்காகச் செபம் சொல்கிறாளா?"

"ஓம் சிஞோரா," என்றான் அகஸ்ரின். "எல்லாம் செபம்தான்."

நிழலில் இருந்த கிறிகோரிக்கு இந்தச் செபம் முழுக்கக் கேட்டது. மூப்பர் என்ற முறையில் தடுக்கவேண்டியவர், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார்.

கடைசி வள்ளமும் போனது. ரேடியோச் சத்தம் தண்ணீரில் ஏறிப் போய், நாணல் பக்கத்தில் நின்றது. அங்கிருந்து பறவைகள் கூட்டமாக எழும்பின. அகஸ்ரின் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டிறெட்டோரே காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, பெரிய மனசோடு சொன்னார்: "கோபத்தில் சொன்னதை நான் மறந்துவிட்டேன், நீயும் மற. அடுத்த வருஷமும் இந்த வாசலில் நீதான்."

"கிறாட்ஸியே, டிறெட்டோரே," என்றது அகஸ்ரினின் வாய். அந்த வாயை அவனுக்கு அப்போதே அறையவேண்டும்போல் இருந்தது.

கார் போனது. றோசமலர் சேலைத்தலைப்பைப் பிழிந்தாள். அதுவரை இறுக்கிவைத்திருந்த முகம் அப்போதுதான் உடைந்தது. கண்ணீரைத் துடைக்காமலே அவனை நேரே பார்த்துக் கேட்டாள்.

"அடுத்த வருஷம் இந்த நாளுக்கு அவள் இஞ்சை வந்திருப்பாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, எங்களோடை இந்த பஸ்ஸிலைதான் வந்து இறங்குவாள். அவளையும் திருப்பி அனுப்பச் சொல்லுவாங்கள் அகஸ்ரின். அண்டைக்கு என்ன செய்வாய்?"

அகஸ்ரின் முழங்காலளவு தண்ணீரில் நின்றான். வளைவில் பின்னேர பஸ்ஸின் கோர்ன் கேட்டது. பிள்ளைகள் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். கிறிகோரி பானையைத் தூக்கித் தோளில் வைத்தார். றோசமலர் மட்டும் அசையவில்லை. பதில் வருமட்டும் அவள் பஸ் ஏறுவதாக இல்லை.