கழுகுப்பாறைக் கோடுகள்

நாலு திசையிலும் முப்பது மைல் பார்வை தெரியும் கல் கொட்டகையின் விலை பதினெட்டு ரூபாய். காட்டிலாகா குமாஸ்தா சொன்னது இருபது. ஏலத்துக்கு வந்த ஒரே ஆள் பரந்தாமன். திருத்தணி கடைத்தெருவில் பழைய மரமும் இரும்பும் வாங்கி விற்பவர்.

"பார்வைக்கும் சேர்த்து விலை போட்டுட்டீங்களா சாமி? அத்த நீங்களே வெச்சிக்கினு ரெண்டு ரூபா தள்ளுங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டார். சிரித்த வாயால் கறாராகப் பேச முடியாது என்பது பரந்தாமனின் தொழில் அனுபவம்.

கழுகுப்பாறை உச்சியில் இருந்த அந்தக் கொட்டகையில் ஏழு வருஷம் காட்டுத்தீக்குக் காவல் இருந்தவர் கஜபதி, பரந்தாமனின் தங்கை ரத்தினம்மாளின் புருஷன். காடு புகைந்தால் கஜபதி பாறைமேல் சுள்ளி அடுக்கித் தீ மூட்டுவார். அதைக் கண்டதும் அடிவாரத்து ஆட்கள் தீயை அடித்து அணைக்கத் தழைக்கொத்துகளோடு மேலேறி வருவார்கள். ஏற்பாடு அவ்வளவுதான்.

1943ஆம் வருஷம் கார்த்திகை தீபத்தன்று பொழுது சாய்கிற நேரம் பாறையில் தீ எரிந்தது. மழை ஈரத்தில் காடு எங்கே எரியப் போகிறது? தெருவே கைகூப்பி அரோகரா போட்டது. வாசலில் அகல் வைத்துக்கொண்டிருந்த தங்கையைப் பரந்தாமன் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா ரத்தினம், கஜபதி பாவா உனக்குன்னு மலைமேலயே தீபம் ஏத்திட்டாரு. எண்ணெச் செலவுகூட இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள்.

மறுநாள் விறகுக்குப் போனவர்கள்தான் கஜபதியைக் கண்டார்கள். கால் தொடைவரை வீங்கி நீலம் பாரித்திருந்தது. தீபம் ஏற்றிவிட்டு வந்து படுத்தவரைத் தூக்கத்தில் பாம்பு தீண்டிவிட்டது என்று எல்லோருமாகப் பேசி முடிவு செய்தார்கள். "போறதுக்கு முன்னால எனக்கு ஒரு தீபம் காட்டிட்டுத்தான் போனாரு" என்பாள் ரத்தினம்மாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள்.

அதற்குப்பின் அங்கே தங்க ஆள் கிடைக்கவில்லை. கொட்டகை ஏலத்துக்கு வந்தது இப்படித்தான்.

"பிரிக்கிறதுக்கு முந்தி நான் ஒரு தரம் பாத்துட்றேன் அண்ணா. அவரு போட்ட கோடுங்க செவுத்துல இருக்கும்" என்று அவளும் கிளம்பி வந்தாள். உச்சியில் மூச்சு வாங்கப் பாறையில் உட்கார்ந்தவளை விட்டுவிட்டுப் பரந்தாமன் உள்ளே போனார்.

முதலில் உத்திரத்தைத்தான் பார்த்தார். தட்டினால் கணீரென்றது. நல்ல தேக்கு. உத்திரம் மட்டுமே நாற்பது ரூபாய்க்குப் போகும். அப்புறம் சுவரைப் பார்த்தார்.

கஜபதிக்கு எழுதத் தெரியாது. பாறையில் தீ மூட்டினால் கரியால் ஒரு கோடு. ஆள் வந்து சேர்ந்தால் அதன் குறுக்கே ஒரு கோடு. கண்ணில் பட்டதை எண்ணாமல் விட்டுப் பரந்தாமனுக்குப் பழக்கமில்லை. எண்ணினார். நாற்பத்து மூன்று. அத்தனைக்கும் குறுக்குக்கோடு இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. கீழே, தரையோடு தரையாக, படுத்துக் கிடப்பவன் கை எட்டும் உயரத்தில். கோணல்மாணலாக இழுத்த ஒற்றைக் கோடு. அதற்குக் குறுக்கே ஒன்றும் இல்லை.

பரந்தாமன் அப்படியே குந்திவிட்டார். ஊரே கும்பிட்டுக்கொண்டு நின்றபோது மனுஷன் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கோட்டைப் போட்டுவிட்டு, குறுக்குக்கோடு போட ஆள் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எண்ணெய்ச் செலவு இல்லையாம்.

"கோடுங்க இருக்குதா அண்ணா?" ரத்தினம்மாள் எழுந்து வரும் சத்தம் கேட்டது.

"ஆங், இருக்குது. மெள்ள வா, கல்லு வழுக்கும்."

அந்த ஒற்றைக் கோட்டைத் துண்டால் தேய்த்தார். போகவில்லை. எச்சிலைத் தொட்டு உள்ளங்கையால் தேய்த்தார். அவள் நிலைப்படி தாண்டும்போது அந்த இடத்தில் வெறும் கறைதான் இருந்தது.

ரத்தினம்மாள் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினாள்.

"நாப்பத்து மூணு. எல்லாத்துக்கும் ஆளு வந்துகீறாங்க இல்ல?"

"வராம?"

"உன் கையி இன்னா இப்படிக் கரியா கீது?"

"உத்திரத்தத் தொட்டுப் பாத்தேன்."

"தேறுமா?"

பரந்தாமன் தலை தூக்கி அந்தத் தேக்கை ஒரு தரம் பார்த்தார்.

"பூரா செல்லரிச்சிப் போச்சி. எறக்குகூலிகூடக் கட்டாது. கொட்டகை அப்படியே கெடக்கட்டும், வா."

அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்க்க மாட்டாமல் முன்னால் நடந்தார். இறங்கும் வழியெல்லாம் கரிப்பட்ட கையை மூடியே வைத்திருந்தார். அவர் தலைக்குள் கணக்கு தானாக ஓடிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டது நாற்பத்து நான்கு. போனது நாற்பத்து மூன்று. பாக்கி ஒன்று.