வில் தயங்கும் இடம்

என் கணவன் மலக்கியின் பிடிலில் அந்த இடைவெளியை முதலில் கேட்டபோது நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நாங்கள் எப்போதும் சேர்ந்து செய்யும் ரீலை, அந்த வேகமான ஆட்ட மெட்டை, அவன் பக்கத்து அறையில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதியில், மெட்டு மேலே ஏறித் திரும்பும் இடத்தில், வில் ஒரு துளி தயங்கியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. இருபத்திரண்டு வருடம் அவன் வாசிப்புக்குத் தரையைத் தட்டி ஆடியவள் நான். ஒரு குதிகால் விழுவதற்காக விட்ட இடம் அது. என் குதிகால் இல்லை. நான் தாளத்தின் மேலேயே விழுகிறவள்.

செவ்வாய்க்கிழமைகளில் அவன் எத்னாவின் நடன வகுப்புக்கு வாசிக்கப் போகிறான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நானேதான் போகச் சொன்னேன். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் வாசித்தால் மட்டும் இன்னொருத்தியின் கால் ஒருவனுடைய கைக்குள் போய்விடாது. என் கால் போவதற்கு மூன்று குளிர்காலம் ஆனது.

அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பையும் நான் எடைபோட்டுப் பார்ப்பேன். அதற்குப் பதில் அவன் செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குத் திரும்புகிறான் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் அவன் போட்டிருந்த கோட்டை முகர்ந்துகூடப் பார்த்தேன். வில்லில் தேய்க்கும் ரோசின் பிசின் வாசனைதான் வந்தது. என்னை எனக்கே பிடிக்காமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் வழக்கம்போல பப்பில் கூடினோம். ஆடுவதற்காகப் பழைய கொட்டகைக் கதவைத் தரையில் போட்டிருந்தார்கள். அதன்மேல் விழும் கால் எதையும் மறைக்க முடியாது. மலக்கி அந்த ரீலை எடுத்தான். எத்னா கதவின்மேல் ஏறினாள்.

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மெட்டு ஏறியது, திரும்பியது, வில் தயங்கியது. எத்னாவின் குதிகால் முன்னாலேயே விழுந்து தனியாக ஒலித்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் புருஷன் யாருக்கோ காத்துக்கிட்டு வாசிக்கிறான், ப்ரோனா. எனக்கில்ல. வகுப்புலயும் இதே தொல்லைதான். பிள்ளைங்க எல்லாம் தடுமாறுதுங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். யாருக்கு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அக்கார்டியன்காரர் ஃபெஸ்டியிடம் போய் அதே ரீலைக் கேட்டேன். ஃபெஸ்டி யாருக்காகவும் நிற்காத மனிதர். அவர் வாசிப்புக்கு ஆடுவது ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரி என்பார்கள். மலக்கி பிடிலை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப வேணாமே," என்றான்.

நான் கதவின்மேல் ஏறினேன்.

முதல் பாதி சுலபமாகப் போயிற்று. மெட்டு ஏறித் திரும்பியது. அக்கார்டியன் நிற்காமல் முன்னே போய்விட்டது. அதற்குப் பின்னால் என் இடது குதிகால் விழுந்தது. ஒரு துளி தாமதம். இரண்டாம் சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு முந்தப் பார்த்தேன். அப்போதும் பின்னால்தான். நிமிர்ந்தபோது மலக்கி தந்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரில் கேட்டேன், எவ்வளவு நாளாக என்று.

"போன வருஷம் மார்ச்லேர்ந்து. உன் முட்டி வீங்கிச்சே, அப்பலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஆடுறத விட்டுடுவ. கை பழகிப்போச்சு ப்ரோனா, இப்ப தனியா வாசிச்சாலும் நிக்குது."

சந்தேகம் அதோடு ஒழிந்திருக்க வேண்டும். எத்னாவைப் பற்றியது மட்டும்தான் ஒழிந்தது. ஒன்றரை வருடமாக "நல்லா இருந்துச்சு" என்று அவன் சொன்ன ஒவ்வொரு தடவையையும் வீடு வரும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் போய் நின்றேன்.

"வாசி. நிக்காத."

"நிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாசித்தான். மெட்டு ஏறியது, திரும்பியது. பப்பில் இரண்டு சுற்றிலும் பிந்திய என் குதிகால் இப்போது சரியாகத் தாளத்தின் மேல் விழுந்தது.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் நிமிரவில்லை.