தரை தொடாத நாடாளுமன்றம்

கூலாய் ஊர் மண்டபத்து மேடையில் கட்டியிருந்த பேனரில் சங்கத்தின் பெயர் ஒரு வரி, தலைவர் கமலநாதனின் பட்டங்கள் ஆறு வரி. பட்டங்களின் ஏழாவது வரிக்கு இடம் போதாமல் அது மடிந்து மேசைக்கடியில் கிடந்தது.

நாணயப் பிரியர்கள் சங்கம் ஆண்டுக்கொரு நாள் பொதுமக்களின் காசைப் பார்த்துக் கருத்துச் சொல்லும். பெரும்பாலும் "சாதாரணம்" என்ற ஒற்றைச் சொல்தான் அந்தக் கருத்து. வெள்ளையம்மா முறை வந்ததும் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பழைய ஐம்பது காசு ஒன்றை நீட்டினாள். அதில் நாடாளுமன்றக் கட்டடம் இருந்தது. மற்ற காசுகளில் அதற்கடியில் மெல்லிய தரைக்கோடு ஓடும். இதில் அதைக் காணோம். நாடாளுமன்றம் அந்தரத்தில் நின்றது.

தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மறுபடி துடைத்தார். அரை நொடி பார்த்தார்.

"யாரோ சாண்ட் பேப்பர் வச்சுத் தேய்ச்சிருக்காங்க." மைக் திறந்தே இருந்தது. "என்ன வேல பாக்குறீங்கம்மா?"

"தெப்ராவ்ல, பிளாஸ்டிக் ஃபேக்டரி. மூடி வார்க்குற அச்சு, மோல்டு, அத பாலிஷ் பண்றேன். இருபத்திரண்டு வருஷமா."

மண்டபம் சிரித்தது. "அலமாக், அக்கா தானாவே ஒத்துக்கிட்டாங்க லா" என்றார் முன்வரிசையில் இருந்த பொந்தியான் ஊர்க்காரர்.

"போலிக் காசு கொண்டு வந்தவங்க பட்டியல்ல பேர எழுதுங்க. வாசல்ல ஒட்டணும்" என்றார் தலைவர். செயலாளர் சபாபதி பேனா மூடியைக் கழற்றினார்.

வெள்ளையம்மாவுக்குக் காது சுட்டது. பின்வரிசையில் அவள் ஃபேக்டரி ஆட்கள் நாலு பேர் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். நாளைக் காலை கேன்டீனில் அவள் பேர்தான் பசியாறல்.

"அந்தக் கண்ணாடிய ஒரு தடவ குடுங்க சார்."

காசைச் சாய்த்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். கட்டடத்துக்கடியில் முடியைவிட மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஓடின. மோல்டு தேய்க்கும் அவள் கைக்கு மனப்பாடமான சாய்வு அது.

"சார், காசத் தேய்ச்சா முதல்ல எது போவும்?"

"மேடா இருக்கறதுதான்."

"கூரைதான இதுல மேடு? ஓடு ஓடா எண்ணலாம், பாருங்க. தாழ்வா கெடக்குற தரைக்கோடு மட்டும் எப்படிப் போச்சு?"

தலைவர் பேனரைப் பார்த்தார். அதில் பதில் இல்லை.

"காசு அடிக்கிற அச்சுல எல்லாம் தலகீழ் சார். கூரை ஆழமான குழி, தரைக்கோடு லேசான கீறல். அச்ச ரொம்பப் பாலிஷ் பண்ணா லேசானதுதான் மொதல்ல அழியும். இந்தக் கோடெல்லாம் பாருங்க, மேடா இருக்கு. காசக் கீறினா பள்ளமாத்தான வரும்? தேய்ச்சது காச இல்ல, அச்ச." குரலை இறக்கினாள். "நானும் ஷாம்பு மூடி மோல்டுல கம்பெனி பேரோட கடைசி எழுத்த அழிச்சிருக்கேன். எம்பதாயிரம் மூடி போயிருச்சி. வார்னிங் லெட்டர் குடுத்தாங்க."

தலைவர் இந்த முறை முழுசாக ஒரு நிமிடம் பார்த்தார். சபாபதி பேனாவை மூடினார். பொந்தியான்காரர் எழுந்து வந்து, "எனக்கும் காட்டுங்கக்கா" என்று சின்னக் குரலில் கேட்டார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். தமக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் தட்டியதாகவும், மக்களைச் சோதிக்கவே அப்படிச் சொன்னதாகவும் அறிவித்தார். கைதட்டலை அவரே தொடங்கிவைத்தார்.

வெள்ளையம்மா காதில் எதுவும் விழவில்லை. கண்ணாடிக்குள்ளேயே இருந்தாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், எந்த ஊரிலோ, யாரோ ஓர் ஆள் அச்சின் மேல் குனிந்திருக்கிறார். இன்னும் ஒரு இழுப்பு, சுத்தமாயிரும் என்று நினைத்திருக்கிறார். அந்த ஓர் இழுப்பில் ஒரு நாட்டின் நாடாளுமன்றமே தரையை விட்டு எழும்பிவிட்டது.

"கண்ணாடி, அம்மா" என்று கை நீட்டினார் சபாபதி.

"இருங்க சார்." அவள் நிமிரவில்லை. "இவருக்கும் லெட்டர் குடுத்திருப்பாங்களா?"