முதல் பக்கத்துக்கு இரண்டு குரல்

அந்த நாவலின் முதல் பக்கத்தை நான் இரண்டு விதமாகப் படித்துக் கொடுத்திருந்தேன். எதை வைத்துக்கொள்வது என்பதில் ஒலிநூல் ஸ்டுடியோவே இரண்டாகப் பிரிந்து நின்றது.

நூறு வருடப் பழைய புத்தகம். கதை சொல்பவள் பதினாறு வயதுப் பெண். பள்ளி விடுதியிலிருந்து துரத்தப்பட்டு வீட்டுக்கு வந்தவள். பொய் சொல்வாள், சின்னச் சின்னதாகத் திருடுவாள், வருகிறவர் போகிறவர் எல்லோரையும் குத்திப் பேசுவாள். "நான் அழவில்லை. சுவரில் இருந்து சுண்ணாம்பு கண்ணில் விழுந்துவிட்டது" என்றுதான் கதையையே ஆரம்பிப்பாள்.

"சரியான திமிர் பிடிச்ச கழுதை அது," என்றார் தயாரிப்பாளரம்மா. "அந்தத் திமிரோட படிச்சாதான் கேக்கறவங்க சிரிப்பாங்க."

"திமிரா? அது உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கு மேடம்," என்றான் ஒலிப்பதிவு செய்யும் தம்பி. "அழலைன்னு சொல்றவளைப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. வீட்டுல அந்த வயசுல ஒண்ணு இருந்தா அப்பத் தெரியும்," என்றார் தயாரிப்பாளர்.

வீட்டில் என் கணவரிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளைக்கூட மடிக்கவில்லை. "அன்னைக்கே ரெண்டு அறை விட்டிருந்தா அஞ்சு பக்கத்துல கதை முடிஞ்சிருக்கும். உனக்கும் தொண்டை மிச்சம்."

இருபத்தைந்து வருடம் டப்பிங் பேசியவள் நான். கைக்குழந்தையின் சிணுங்கலில் இருந்து மாமியாரின் சாபம்வரை எல்லாம் பேசியாயிற்று. இந்த வேலையை ஒப்புக்கொண்டது என் மகளுக்காக. பதினாறு வயதில் இந்தப் புத்தகத்தை அட்டை பிய்ந்து போகும்வரை படித்தவள் அவள். இப்போது இருபத்தைந்து. இதே ஊரில், மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தே ஆறு வருடமாகிறது. அப்பாவிடம் போனில் பேசுவாள். போனை நான் வாங்கினால், "நல்லா இருக்கேன், வெச்சிடறேன்."

அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "எப்படிப் படிக்கலாம்னு நீதான் சொல்லணும். அவளை உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "வியாழக்கிழமை மதியம். அரை மணி நேரம்."

"பரவாயில்லையே, டாக்டரம்மா அப்பாயின்ட்மென்ட் குடுத்துட்டாங்க," என்றார் கணவர். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம், ஸ்டுடியோவிலிருந்தே கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அறையில் புது விரிப்புப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"எப்போ கண்ணாடி போட்டே?"

"மூணு வருஷமாச்சு. எதைக் கேக்கணும்?"

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு ஹெட்போனைக் கொடுத்தான். முதலில் திமிராகப் படித்தது. அசையாமல் முழுக்கக் கேட்டாள்.

"இது தெரிஞ்ச குரல்தான்," என்றாள்.

எந்த நாளைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினாறு வயதில், என் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்த நாள் அது. தலையணை உறை மாற்றப் போன என் கண்ணில் மகளின் டைரி பட்டது. 'அம்மா நம்மிடம் பேசுவதும் டப்பிங் மாதிரிதான். வாய் இங்கே அசைகிறது, குரல் வேறு எங்கிருந்தோ வருகிறது' என்று எழுதியிருந்தாள். சுருக்கென்று தைத்தது. அப்படியே கூடத்துக்கு எடுத்து வந்து, மூக்கைத் தூக்கி, வார்த்தையை இழுத்து, அவளைப் போலவே படித்துக் காட்டினேன். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நிமிர்ந்தபோது இவள் வாசற்படியில் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்தாள்.

"அது ஏதோ விளையாட்டுக்கு," என்றேன் இப்போது. "ஒரு பக்கம்தானே படிச்சேன்."

"மூணு பக்கம்."

தம்பி சரியாகவே இருந்த வயரைக் குனிந்து சரிசெய்தான்.

"சரி, இன்னொண்ணையும் கேளேன். அது உனக்காகப் படிச்சதுடீ."

பொய்யில்லை. இரண்டாவது முறை படிக்கும்போது அந்த வாசற்படிதான் கண்ணில் இருந்தது. ஒரு வார்த்தையிலும் கேலி தட்டாமல், அழவில்லை என்று சொல்கிறவளின் அழுகை கேட்கும்படி படித்திருந்தேன். நேரில் கேட்க வராத மன்னிப்பை மைக்கின் முன்னால் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. என்னிடம் திரும்பி வந்துவிட்டாள் என்றே நினைத்துக் கையை நீட்டினேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"இப்படிக்கூட உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"உனக்காகத்தான் கண்ணு..."

"இத்தனை வருஷமா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாவம், அம்மாவுக்கு அவ்வளவுதான் முடியும், என்னைப் புரியலைன்னு. புரியாதவங்க மேல எத்தனை நாள் கோவமா இருக்கறது? முக்கால்வாசி விட்டுட்டேன். அதனாலதான் இன்னைக்கு வந்தேன்." குரல் உயரவே இல்லை. "உனக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கு. ஒவ்வொரு வரியும் புரிஞ்சிருக்கு. புரிஞ்சும்தான் அப்படிப் படிச்சிருக்கே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தக் குரலில் சொன்னாலும் அது டப்பிங் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மூடிக்கொண்டேன்.

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "தம்பி, ரெண்டாவதையே போடுங்க. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கேடீ," என்றேன்.

"நடந்து போகணும்மா."

தயாரிப்பாளர் எட்டிப் பார்த்து, "சரி, அழுகாச்சிதான்னு முடிவாயிடுச்சா? அப்ப மேல போலாம்," என்றார். மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் அறையைத் தாழிட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா வெளியே வந்து நிற்கிறாள். அம்மாவுக்கு ஒரே வசனம்: "கதவைத் திற. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்."

படித்தேன்.

"பொண்ணு பிரமாதம் மேடம்," என்றான் தம்பி. "அம்மா மட்டும் இன்னொரு தடவை."

மெதுவாகப் படித்தேன். கெஞ்சிப் படித்தேன். கிசுகிசுத்தேன். ஆறு முறை ஆயிற்று.

"கோவிச்சுக்காதீங்க மேடம்," என்றான். "அடுத்த வரியில அவ கதவைத் திறக்கணும். இப்படிச் சொன்னா யார் திறப்பா?"

ஏழாவது முறைக்குப் பிறகு அவனும் தயாரிப்பாளரும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவன்தான் தயங்கித் தயங்கி மைக் பொத்தானை அழுத்தினான்.

"மேடம், அந்த ஒரு வரிக்கு மட்டும் வேற யாரையாவது கூப்பிட்டுக்கலாமா?"

"கூப்பிட்டுக்கங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.